தளத்தை மாற்றியதும் புள்ளி எல்லாம் காணோம்: எந்த எழுத்துரு போடுவது?

சிற்றிதழ்க்காரன் கேட்டது: 2024 மார்ச் 4, காலை

எங்கள் இதழின் பழைய வெளியீடுகள் எல்லாம் ஒரு தளத்தில் இருக்கின்றன. ஒரு நண்பர் பல ஆண்டுகளுக்கு முன் பிஎச்பி என்ற நிரல்மொழியில் சொந்தமாக எழுதிக் கொடுத்தது. ஹோஸ்டிங் வாடகை ஏறிக்கொண்டே போனதால் வேறு இடத்துக்கு மாற்றினோம். மாற்றியதும் பக்கம் முழுவதும் பூச்சி எழுத்து, தமிழுக்குப் பதில் பொருளற்ற அந்நியக் குறிகள். இணையத்தில் கிடைத்த ஒரு சிறு நிரலை ஓட்டினேன். தமிழ் திரும்பி வந்துவிட்டது. ஆனால் புள்ளி ஒன்றுகூட இல்லை. 'அம்மா' இருந்த இடத்தில் 'அமமா' இருக்கிறது. 'முருகன்' 'மரகன' ஆகிவிட்டான். மற்றதெல்லாம் சரி. எழுத்துருக் கோளாறு என்று நினைக்கிறேன். எந்த எழுத்துருவைப் போட்டால் புள்ளி வரும்?

பதில்: மார்ச் 4, பிற்பகல்

எழுத்துருவை விட்டுவிடுங்கள். எழுத்துருவில் குறை இருந்தால் புள்ளி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டமாவது நிற்கும். இடுகைகள் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸிலேயே உங்கள் புள்ளிகள் இல்லை. அந்தச் சிறு நிரல் தின்றுவிட்டது.

பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால் இந்த மாத வாடகையையும் கட்டிவிடுங்கள், கணக்கை மூடாதீர்கள். இல்லையென்றால் மாற்றும் முன் எடுத்த டம்ப் கோப்பை, அதாவது டேட்டாபேஸ் முழுவதையும் இறக்கி வைத்த உரைக்கோப்பை, தேடி எடுங்கள். யாரும் அதை நோட்பேடில் திறந்து 'சேமி' அழுத்தாமல் இருந்தால் பிழைத்தீர்கள்.

புதிய சர்வரில் இப்போது இருப்பதை வைத்துக்கொண்டு புள்ளி போட முயல வேண்டாம். 'கல' என்று நிற்பது கல்லாகவும் இருக்கலாம், குலமகளின் 'குல'வாகவும் இருக்கலாம், கலம் என்ற அளவை வரும் 'கல நெல்'லின் 'கல'வாகவும் இருக்கலாம். ஒரு வரிக்கே இந்தப் பாடு என்றால் இதழ்த் தொகுப்பு முழுவதற்கும் உட்கார முடியாது.

மார்ச் 4, இரவு

ஏன் புள்ளியும் உகரமும் மட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்கு விடை தெரிந்தால் பாதி நோய் புரிந்த மாதிரி.

எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறைக்குக் குறியேற்றம் என்று பெயர். யுடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதாவது மூன்று எண். முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டே வகை. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்த மூன்று பைட்டையும் ஏதோ ஒரு மென்பொருள் மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து, அதாவது விண்டோஸ்-1252 பட்டியல்படி, ஒவ்வொன்றாக வாசித்தால் ஒரு தமிழ் எழுத்து மூன்று பூச்சியாகிறது. இதுவரை சேதம் இல்லை. தலைகீழாகத் திருப்பினால் தமிழ் வந்துவிடும்.

சிக்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 256 இடங்களில் ஐந்து இடங்கள் காலி. பதினாறடிமானக் கணக்கில் (அதில் ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் இலக்கங்கள்) 81, 8டி, 8எஃப், 90, 9டி. அங்கே எழுத்து எதுவும் வைக்கப்படவில்லை. புள்ளியின் மூன்றாவது பைட் என்ன தெரியுமா? 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. உயிரெழுத்து ஏ-க்கு 8எஃப், ஐ-க்கு 90. காலி இடத்தைக் கண்டதும் சில நிரல்கள் பிழை சொல்லி நின்றுவிடும். அவை நல்ல நிரல்கள். 'பிழையைப் பொருட்படுத்தாதே' என்று எழுதப்பட்ட நிரல்கள் அந்தப் பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சம் நிற்கும் இரண்டு பைட்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். நீங்கள் ஓட்டியது இரண்டாவது வகை.

உங்கள் பக்கத்தில் ஏ, ஐ இரண்டையும் தேடிப் பாருங்கள். 'ஏன்' இருந்த இடத்தில் 'ன' மட்டும் முனகிக்கொண்டிருக்கும். 'ஐந்து' 'நத' ஆகியிருக்கும். இருந்தால் நான் சொன்னது உறுதி.

மார்ச் 5, காலை

ஏ, ஐ இரண்டும் போயிருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. பழைய சர்வர் உயிரோடு இருக்கிறதாம். மூச்சு வந்தது.

பூச்சி எழுத்தைக் கண்டால் பயந்து உடனே ஏதாவது செய்யத் தோன்றும். அதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வாசியுங்கள் என்பேன். தலையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு வைத்த ஆங்கிலச் சின்ன 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறதா? அதுதான் எல்லாத் தமிழ்க் குறிக்கும் பொதுவான முதல் பைட். அதற்கு அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', அதாவது வணிகப் பெயர்களின் பதிவுக்குறி, வந்தால் பெரும்பாலும் உயிர் அல்லது மெய். மேலே ஒரு சிறு கோடு வந்தால் பெரும்பாலும் ஈகாரம் உகரம் எகரம் போன்ற குறிகள், அல்லது புள்ளி. துணைக்கால் வந்த இடமெல்லாம் முக்கால் என்ற பின்னம் நிற்கும். இகரக் குறி தலைகீழ்க் கேள்விக்குறியாக நிற்கும். மகரம் வந்தால் பதிவுக்குறி இரண்டு முறை வரும். ககரம் ஒரு கறுப்புப் பொட்டு. ஙகரத்துக்கு வணிகக்குறி.

இப்படி நின்றால் சரக்கு பத்திரமாக இருக்கிறது என்று பொருள். வரிசையாகக் கேள்விக்குறி மட்டும் நின்றால் முடிந்தது. லத்தீன் அட்டவணைக்குள் தமிழை மாற்றிப் போடப் பார்த்து, இடமில்லாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்ட நிலை அது. அதிலிருந்து மீட்பு கிடையாது, காப்புநகல் ஒன்றுதான் வழி. கேள்விக்குறியைத் தமிழாக்கித் தருகிறேன் என்று எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மார்ச் 5, மாலை

திரையை நம்பாதீர்கள். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உலாவி ஒன்றைக் காட்டும், டேட்டாபேஸை உலாவியில் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மின் வேறொன்றைக் காட்டும், கட்டளைத் திரையான டெர்மினல் மூன்றாவதைக் காட்டும். மூன்றும் நடுவில் ஒரு குறியேற்ற மாற்றத்தைத் தாங்களாகவே செய்துகொள்கின்றன. டேட்டாபேஸில் உண்மையில் என்ன பைட் கிடக்கிறது என்று கேட்பதற்கு மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'ஹெக்ஸ்' என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. ஒரே ஒரு இடுகையின் தலைப்பை அதற்குள் கொடுத்துப் பாருங்கள்.

விடை 'இ0ஏஇ' (ஆங்கிலத்தில் E0AE) என்றோ 'இ0ஏஎஃப்' என்றோ தொடங்கி, ஆறு ஆறு இலக்கமாக அதே முன்னொட்டு வந்தால் பைட் சுத்தம். 'சி3ஏ0சி2ஏஇ' என்று தொடங்கினால் இரட்டைக் குறியேற்றம்: பூச்சியையே எழுத்தாக நம்பி மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கி வைத்திருக்கிறார்கள். '3எஃப்3எஃப்3எஃப்' என்று ஓடினால் காலையில் சொன்ன கேள்விக்குறிக் கதை.

பழைய சர்வரில் ஒரு முறை, புதிய சர்வரில் ஒரு முறை பாருங்கள். இரண்டு விடையையும் இங்கே ஒட்டுங்கள். அதற்கு முன் எதையும் ஓட்ட வேண்டாம்.

மார்ச் 6

பழையதில் 'இ0ஏஇ'. ஆனால் அட்டவணை லத்தீன்1, அதாவது முன்பு சொன்ன மேற்கு ஐரோப்பியப் பட்டியல், என்று சொல்கிறது. எதிர்பார்த்ததுதான்.

அரிசி மூட்டையில் பருப்பு என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லில் 8.0 பதிப்பு வரும்வரை, அதாவது 2018 வரை, இயல்பான குறியேற்றமே லத்தீன்1தான். அந்தக் காலத்தில் எதையும் குறிப்பிடாமல் அட்டவணை உருவாக்கினால் இந்தச் சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் நண்பரின் பிஎச்பி நிரலும் லத்தீன்1 இணைப்பிலேயே பேசியது. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் நடுவில் யாரும் பைட்டைத் தொடவில்லை. பக்கத்தில் அழகான தமிழ் வந்தது. இத்தனை ஆண்டும் ஓடியது.

பிஎச்பிமைஅட்மின் மட்டும் அந்தப் பொய்யில் கூட்டுச் சேராது. அட்டவணை லத்தீன்1 என்கிறதே என்று மெனக்கெட்டு அதை யுடிஎஃப்-8 ஆக்கித் தரும். அதனால்தான் தளத்தில் தமிழும் பிஎச்பிமைஅட்மினில் பூச்சியும் தெரியும். இப்படி ஒரு தளத்தைப் பார்த்தீர்களானால் அதில் 'ஏற்றுமதி' பொத்தானைத் தொடாதீர்கள். அந்தப் பொத்தானில்தான் உங்கள் வீடு எரிந்தது.

மார்ச் 9

சனிக்கிழமை, கொஞ்சம் நேரம் இருக்கிறது. வழியை எழுதிவிடுகிறேன். சர்வரில் நேரடியாகக் கட்டளை ஓட்டுவதற்கான எஸ்எஸ்எச் அனுமதி வேண்டும். இல்லையென்றால் பழைய ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

பழைய சர்வரில் மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையை ஓட்டும்போது இயல்புக் குறியேற்றம் லத்தீன்1 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். கூடவே 'ஸ்கிப்-செட்-சார்செட்' என்ற தெரிவையும் சேருங்கள். முதலாவது, பைட்டை மாற்றாதே என்று சொல்கிறது. இரண்டாவது, 'இது லத்தீன்1' என்று கோப்பின் தலையில் எழுதி வைக்காதே என்கிறது. வந்த கோப்பை உரைத்திருத்தியில் யுடிஎஃப்-8 ஆகத் திறந்து பாருங்கள். தமிழ் தமிழாகவே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள்.

தெரிந்தால், அட்டவணையை உருவாக்கும் வரிகளில் மட்டும் லத்தீன்1 என்று இருப்பதை யுடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎல்லில் முழு யுடிஎஃப்-8க்குப் பெயர்) என்று மாற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கோப்பு முழுவதும் மாற்றாதீர்கள், உங்கள் இதழில் லத்தீன் அமெரிக்க இலக்கியம் பற்றிக் கட்டுரை இருக்கக்கூடும். புதிய சர்வரில் காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, யுடிஎஃப்8எம்பி4 இணைப்பில் ஏற்றுங்கள். நண்பரின் நிரலில் டேட்டாபேஸ் இணைப்பு திறக்கும் வரிக்கு அடுத்தே யுடிஎஃப்8எம்பி4 என்று குறியேற்றத்தை அறிவியுங்கள். இதை மறந்தால் எல்லாம் சரியாகச் செய்தும் பூச்சி வரும்.

பழைய மைஎஸ்க்யூஎல் என்றால் ஏற்றும்போது 'குறியீட்டுச் சாவி நீளம் 767 பைட்டைத் தாண்டுகிறது' என்ற பொருளில் ஒரு பிழை வரலாம். 255 எழுத்து நீள நெடுவரிசை, எழுத்துக்கு நான்கு பைட் என்று கணக்குப் போட்டால் 1,020 ஆகிவிடுகிறது. சாவியை 191 எழுத்தாகக் குறைத்தால் போதும்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

டம்ப் எடுக்க முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு என்று ஒருவர் நினைவூட்டினார், சரிதான். நெடுவரிசையை முதலில் 'பிளாப்' வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரை வகைக்கு மாற்றுவது. பிளாப் என்பது வெறும் பைட் குவியல், அதற்குச் சீட்டே கிடையாது. ஆகையால் சீட்டு மட்டும் மாறி உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். லத்தீன்1இலிருந்து நேரே யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றினால் மைஎஸ்க்யூஎல் உள்ளே இருப்பதையும் 'மொழிபெயர்த்து' விடும், இரட்டைக் குறியேற்றம் கையோடு வந்துசேரும்.

எனக்கு டம்ப் வழிதான் பிடிக்கும். கோப்பைக் கண்ணால் பார்க்கலாம். பிளாப் வழி ஓடுகிற தளத்தின் மேலேயே அறுவை செய்வது.

மார்ச் 11

வந்துவிட்டதாம்! புள்ளி, உகரம், ஏ, ஐ எல்லாம். ஒரு நீண்ட தொடர்கதையின் கடைசிப் பகுதி மட்டும் பாதியில் நிற்கிறது என்கிறார். பழைய தளத்திலும் அப்படித்தானா என்று பாருங்கள்.

நிற்கும் என்றே நினைக்கிறேன். மைஎஸ்க்யூஎல்லில் 'டெக்ஸ்ட்' வகை நெடுவரிசையின் கொள்ளளவு 65,535 பைட். எழுத்தில் அல்ல, பைட்டில். ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு மூன்றால் வகுத்தால் 21,845 குறிகள்தான், அதிலும் புள்ளி, துணைக்கால், கொம்பு ஒவ்வொன்றும் தனிக் குறியாக எண்ணப்படும். ஒரு குறுநாவலை ஒரே பக்கமாகப் போட்டால் முட்டிவிடும். அந்தக் காலத்து அமைப்புகளில் கூப்பாடு போடாமல் வெட்டிவிட்டுப் போய்விடும். நெடுவரிசையை 'மீடியம்டெக்ஸ்ட்' ஆக்குங்கள். வெட்டுப்பட்ட பகுதியை அச்சு இதழைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். வேர்ட்பிரஸ் என்ற ஆயத்தத் தள மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதற்குக் கவலைப்பட வேண்டாம், அங்கே இடுகைக்கு 'லாங்டெக்ஸ்ட்'.

மார்ச் 12

கணக்கு ஒன்று. 'அம்மா' எத்தனை எழுத்து? பள்ளிக்கூடத்தில் மூன்று. யுனிகோடில் ஐந்து. டேட்டாபேஸில் பதினைந்து. பிஎச்பியில் நீளம் கேட்கும் சாதாரணச் செயற்கூறு பதினைந்து என்று சொல்லும். 'எம்பி' முன்னொட்டு உள்ளது ஐந்து என்று சொல்லும். 'கிராஃபீம்' முன்னொட்டு உள்ளது மூன்று என்று சொல்லும். முகப்புப் பக்கத்தில் 'முதல் 200 எழுத்து' காட்டும் நிரல் முதலாவதைப் பயன்படுத்தினால் கடைசி எழுத்து பைட் நடுவில் அறுபட்டு, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். இரண்டாவதைப் பயன்படுத்தினால் அறுவது தெரியாது, ஆனால் 'கொடி' 'க' என்று முடியும், 'பால்' 'பால' என்று முடியும். மூன்றாவதே நமக்கு ஏற்றது.

பைட் நடுவில் அறுபட்ட ஒரு எழுத்து இருந்தால் செயலிக்குத் தரவைக் கட்டி அனுப்பும் பிஎச்பியின் ஜேசன் செயற்கூறு முழு விடையையுமே மறுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொபைல் செயலி வெறுமையாக நிற்கும், காரணம் தேடி நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம்.

மார்ச் 15

'வௌியீடு'.

இதைப் பார்த்து எரிச்சலடையாத தமிழ் வாசகர் உண்டா? சிற்றிதழ்க்காரன் அனுப்பிய சுட்டியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'வௌியீடு', 'தௌிவு', 'வௌ்ளம்'. இது சர்வர் மாற்றத்தால் வந்ததல்ல. அதற்கும் முன்பு, பழைய எழுத்துருவிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய காலத்துக் கறை.

யுனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில், அது பாமினியோ, டிஸ்கியோ, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் வகைகளோ, கொம்பு முதலில் வரும். எழுதும் வரிசையே சேமிக்கும் வரிசை. 'வெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு வகரம். யுனிகோடில் வகரம் முதலில், கொம்பு பிறகு. மாற்றி நிரல் இதைப் புரட்டிப் போட வேண்டும். ஔகாரக் குறி பழைய முறையில் கொம்பும், மெய்யும், ளகரம் போன்ற ஒன்றும் சேர்ந்தது. ஆகையால் 'கௌரவம்' என்பதன் முதல் எழுத்தும், 'தெளிவு' என்பதன் முதல் இரண்டு எழுத்தும் ஒரே வடிவத்தில்தான் கிடக்கும். பேராசை பிடித்த மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக்கும்: 'தௌிவு'. சோம்பேறி மாற்றி ஒன்றையும் ஆக்காது: 'கெளரவம்'. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், தேடலுக்குத் தெரியாது. 'கௌதமன்' என்று தேடுபவருக்கு 'கெளதமன்' கிடைக்க மாட்டான்.

முதல் வகையைத் திருத்துவது எளிது. ஔகாரக் குறிக்கு அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. எனவே ஔகாரக் குறியை அடுத்து அப்படி ஏதாவது நின்றால், அந்த ஔகாரத்தைக் கொம்பும் ளகரமுமாகப் பிரித்துவிடலாம். ஒரே ஒரு ரெஜெக்ஸ் (தேடி மாற்றும் வாய்பாடு) வரி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்.

இரண்டாவது வகைக்கு அவ்வளவு துணிச்சல் வேண்டாம். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், பௌத்தம், யௌவனம், வௌவால் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு, அந்தச் சொற்களை மட்டும் மாற்றுங்கள்.

மார்ச் 15, இரவு

மாலையில் எழுதியதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியவை. ஒகரக் குறி, ஓகாரக் குறி இரண்டையும் யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. இதற்கு 'என்எஃப்சி' என்ற சீராக்கம் இருக்கிறது, சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'ஸ்ரீ' மட்டும் இதற்கும் மசியாது. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005இல் யுனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீ இன்னொன்று. என்எஃப்சிக்கு அவை வேறு வேறு எழுத்து. கோயில் தளம் வைத்திருப்பவர்கள் தேடலில் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி கைப்பட எழுதிக்கொள்ள வேண்டும்.

பாமினியை முதல்முறையாக மாற்றப் போகிறவர்களுக்கு: அங்கே 'அம்மா' என்பது உண்மையில் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கட்டுரைக்குள் மின்னஞ்சல் முகவரியோ ஆங்கிலப் பெயரோ இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிவிடும். எச்டிஎம்எல் குறிகளையும் விடாது. எழுத்துருப் பெயர் குறித்த பகுதிக்குள் இருப்பதை மட்டும் மாற்றும்படி நிரலை எழுதுங்கள்.

மார்ச் 19

எமோஜி பற்றி வந்த கேள்விக்கு. மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பழைய பெயரில் இருப்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் மூன்று பைட், ஆகவே தமிழ் எழுதும்வரை குறை தெரியாது. வாசகர் ஒருவர் பின்னூட்டத்தின் நடுவில் ஒரு சிரிப்பு முகம் போட்டால் அது நான்கு பைட். அந்த இடத்திலிருந்து மீதி வாக்கியம் வெட்டுப்படும், அல்லது சேமிக்கவே மறுக்கும். நான்கு பைட்டுக்கான யுடிஎஃப்8எம்பி4 2010இல் 5.5.3 பதிப்பில் வந்தது. வேர்ட்பிரஸ் 2015இல் 4.2 பதிப்பில் தன் அட்டவணைகளை அதற்கு மாற்றியது. சொந்தமாக எழுதிய நிரல்கள் பல இன்னும் மாறவில்லை.

'எங்கள் இதழில் எமோஜி போடுகிறவர் யாரும் இல்லை' என்று ஒருவர் பெருமைப்பட்டிருக்கிறார். இருக்கட்டும். முந்திரி, காணி, மா போன்ற தமிழ்ப் பின்னக் குறிகள் யுனிகோடில் 2019இல், 12.0 பதிப்பில், தமிழ்ப் பிற்சேர்க்கை என்ற தொகுதியில் வந்தன. அவையும் நான்கு பைட். கல்வெட்டு, நில அளவை பற்றி எழுதுகிற இதழாயிற்றே?

மார்ச் 23

தளத்தை மாற்றிய பிறகு எதைச் சோதிப்பது என்று கேட்கிறார்கள். நான் எந்தத் தமிழ்த் தளத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஒரு மறைவான இடுகை எழுதி வைப்பேன்:

'ஏன் ஐயா, கௌரி கொஞ்சம் ஸ்ரீரங்கத்துப் புளியோதரை தின்றாளா?'

கடைசியில் ஒரு அழும் எமோஜி, ஒரு பின்னக் குறி. ஏ, ஐ, புள்ளி, உகரம், ஔகாரம், ஒகரம், ஸ்ரீ எல்லாம் ஒரே வரியில் இருக்கின்றன. காப்புநகலை வேறு கணினியில் ஏற்றிப் பார்க்கும்போது இந்த வரியையும் இதன் ஹெக்ஸையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். கௌரி தின்றாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது.

ஏற்றிப் பார்க்காத காப்புநகலை நான் காப்புநகல் என்று எண்ணுவதில்லை. பூச்சியாக்கப்பட்ட டம்ப் கோப்பும் நாள் தவறாமல் அளவு மாறாமல் வந்து குவிந்துகொண்டுதான் இருக்கும்.

மார்ச் 24

கொஞ்சம் புலம்பல். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒருவர் ஒழுங்காகச் செய்யலாம், டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், கையில் இல்லாவிட்டால் வீண். ஒரு அறக்கட்டளைத் தளத்தை எடுத்து நடத்தச் சொன்னார்கள். டொமைன் யார் பெயரில் என்று கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. முன்பு வடிவமைத்துக் கொடுத்தவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார். அவர் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் எல்லாம் அவர் படிக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆளைப் பிடித்து மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் தளத்தின் டொமைன், ஹோஸ்டிங், டிஎன்எஸ் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவு) மூன்றும் யார் மின்னஞ்சலில் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். நிறுவனத்தின் மின்னஞ்சலாக இருக்கட்டும், ஆனால் அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலாக இருக்க வேண்டாம். டொமைன் காலாவதியானால் எச்சரிக்கை வர வேண்டிய பெட்டியும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

மார்ச் 30

சிற்றிதழ்க்காரன் சொந்த நிரலைக் கைவிட்டு வேர்ட்பிரஸுக்குப் போகப் போகிறாராம். நல்ல முடிவு என்றுதான் சொல்வேன், எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ளட்டும். இரண்டு எச்சரிக்கை.

முகவரி. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும், ஆனால் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதிச் சேமிக்கும். ஒரு பைட்டுக்கு மூன்று இடம், ஒரு குறிக்கு ஒன்பது இடம். அந்த நெடுவரிசையின் நீளம் 200. வகுத்துப் பாருங்கள்: 22 குறி. 'வேலைவாய்ப்பு' என்ற ஒரே சொல்லுக்கு 12 குறி போய்விடுகிறது. இரண்டு சொல்லில் முகவரி வெட்டுப்படும். 'புதுமைப்பித்தன் சிறுகதைகள்' என்று தொடங்கும் பல கட்டுரைகள் ஒரே முகவரிக்கு வந்து, இரண்டு மூன்று என்று வால் முளைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் முழம் முழமாக நீளும். எனக்கு முகவரி சுருக்கமாக, ஆங்கில எழுத்தில், இதழ் எண்ணோடு இருப்பதே பிடிக்கும். தமிழில்தான் வேண்டும் என்றால் ஒரு சொல் போதும், கைப்பட எழுதுங்கள்.

அடுத்தது, டொமைன் பெயரையோ வேறெதையோ டேட்டாபேஸில் தேடி மாற்றும்போது நேரடி எஸ்க்யூஎல் கட்டளை வேண்டாம். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கிறது: 'இங்கே 15 பைட் உரை' என்று எண்ணும் பக்கத்தில் இருக்கும். உரை மாறி எண் மாறாவிட்டால் அந்த அமைப்பு முழுவதையும் படிக்க முடியாமல் போகும், பக்கப்பட்டிகள் மறைந்துவிடும். வேர்ட்பிரஸின் கட்டளைக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் உள்ள தேடி-மாற்றும் கட்டளை எண்ணையும் சேர்த்தே திருத்தும். பூச்சியான டேட்டாபேஸில் தமிழ்ப் பக்கப்பட்டிகள் மட்டும் காணாமல் போவதற்கும் இதே காரணம்: பூச்சியின் நீளம் 15 அல்ல.

ஏப்ரல் 6

பழைய முகவரிகளுக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட 301 வழிமாற்றம் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, தனிமடலில். அதற்கான பட்டியலை எக்செலில் தயாரித்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) ஆக அனுப்பியிருக்கிறார். திறந்தால் பதிவுக்குறி, முக்கால், தலைகீழ்க் கேள்விக்குறி!

பதற வேண்டாம், கோப்பு சரியாகவே இருக்கிறது. தலையில் அடையாளப் பைட் இல்லாத யுடிஎஃப்-8 சிஎஸ்வியை எக்செல் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் இப்படித்தான் வாசிக்கும். 'தரவு' பட்டியல் வழியாக இறக்குமதி செய்து யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். பூச்சியோடு சேமித்து மட்டும் எனக்கு அனுப்பிவிடாதீர்கள். பிஎச்பி கோப்புகளுக்கு நேர் எதிர்: அங்கே தலையில் அந்த அடையாளப் பைட் இருக்கவே கூடாது, இருந்தால் 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன' என்ற பிழை வந்து உயிரை வாங்கும். விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்புக்கு முந்தைய நோட்பேட், யுடிஎஃப்-8 என்றால் அதைச் சேர்த்தே சேமிக்கும். அந்தக் கணினி இன்னும் உங்கள் அலுவலகத்தில் இருந்தால் பிஎச்பி கோப்புகளை அதில் திறக்காதீர்கள்.

பட்டியலில் 40ஆம் வரிக்கும் 52ஆம் வரிக்கும் ஒரே பழைய முகவரி கொடுத்திருக்கிறீர்கள். எது சரி என்று சொன்னால் திங்கட்கிழமை ஏற்றிவிடுகிறேன்.